உங்கள் 57 வீடுகளும் அவர்களுடைய 'பத்துக்கு ஒன்பது பேர் திருப்தி'யும்

கேள்வி: மதுரைப் புறநகரில் சுற்றுச்சாலையை ஒட்டிய புது மனைப்பிரிவு எங்களுடையது. மொத்தம் 412 வீடுகள். நான் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர். இங்கே பலருக்கும் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் சரியில்லை, மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேச வேண்டியிருக்கிறது. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் கூகுள் படிவம் ஒன்று போட்டேன். வீட்டுக்கு ஒருவராக 61 பேர் நிரப்பினார்கள், அதில் 57 பேர் 'திருப்தி இல்லை' என்றார்கள். அதை நிறுவனத்துக்கு அனுப்பினால், 'எங்கள் சர்வேப்படி இந்த வட்டத்தில் பத்துக்கு ஒன்பது வாடிக்கையாளர்கள் திருப்தியாக இருக்கிறார்கள்' என்று பதில் வருகிறது. யார் சொல்வது சரி? அவர்கள் இதை எப்படி அளக்கிறார்கள்? நாங்களே ஒழுங்காக ஒரு சர்வே எடுப்பது எப்படி?

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு கேள்வி கேட்டு வாங்கிய எண்கள் அவை. ஆனால் உங்கள் வீட்டு ஹாலில் போன் வேலை செய்கிறதா என்பதற்கு அவர்கள் எண்ணில் பதிலே கிடையாது. உங்கள் எண்ணில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதியை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் படிவம். 61 பேரில் 57 என்றால் 93 சதவீதம். இதை வைத்து 'எங்கள் பகுதியில் 93 சதவீதம் பேருக்கு அதிருப்தி' என்று எழுதியிருந்தீர்கள் என்றால், அங்கேதான் பிடி கொடுத்துவிட்டீர்கள். பதில் சொல்லாத வீடுகள் 351. அவர்கள் எல்லோரும் திருப்தியாக இருந்தால் அதிருப்தி 412-க்கு 57, அதாவது 14 சதவீதம். எல்லோருமே அதிருப்தி என்றால் 99 சதவீதம். உண்மை இந்த 14-க்கும் 99-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் படிவம் எதையும் சொல்லவில்லை. யார் நிரப்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோபத்தில் இருப்பவர் உடனே நிரப்புவார். பிரச்சினை இல்லாதவர் அப்படியே தள்ளிவிட்டுப் போவார். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தகைய குழுக்களில் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள்தான் இருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் சாதா போன் வைத்திருக்கும் பெரியவர்களும் அதில் இல்லை. வீட்டுக்குள் டேட்டாவே எடுக்காதவருக்குப் படிவம் திறந்திருக்கவே திறந்திருக்காது. ஆகவே படிவம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவர்களாலும் சொல்ல முடியாது. அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டாம். '93 சதவீதம்' என்பதை அடித்துவிட்டு, '57 வீடுகள், இணைப்பில் கதவு எண்கள்' என்று எழுதுங்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

இனி அவர்களுடைய எண்.

'வட்டம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தியா 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னையும் சேர்த்துத் தமிழ்நாடு ஒரே வட்டம். இவ்வளவு பெரிய வட்டத்தில் பல கோடி இணைப்புகளுக்கு நடுவே 1,000 பேரைக் கேட்டால், வரும் சதவீதம் கூடக்குறைய 3 புள்ளிக்குள் சரியாக இருக்கும். கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த 1,000 பேரில் உங்கள் மனைப்பிரிவிலிருந்து ஒருவர்கூட இருந்திருக்க வாய்ப்பில்லை. வட்டத்துக்கு 90 சதவீதம் என்பதும் உங்கள் 5-வது குறுக்குத் தெருவில் 10 சதவீதம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். மாவட்டச் சராசரி மழை நன்றாக இருந்த வருஷத்திலும் ஒரு கண்மாய் வறண்டு கிடப்பதில்லையா, அது போலத்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. செல்போன் சேவையைப் பற்றிய கருத்தைச் செல்போனில் கூப்பிட்டே கேட்கிறார்கள். சிக்னல் இல்லாத வீட்டில் இருப்பவருக்கு அந்த அழைப்பே போகாது. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும், பட்டியலில் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். எந்தக் குறையை அளக்க வந்தார்களோ அந்தக் குறையே ஆட்களை வடிகட்டிவிடுகிறது. நல்ல சர்வே நிறுவனம் ஒரே எண்ணை வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் பலமுறை முயன்று, கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அறிக்கையில் சொல்லும். அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 'திருப்தி எத்தனை சதவீதம்' என்பதைவிட 'எத்தனை பேருக்கு அழைப்பே போகவில்லை' என்பதில்தான் உங்களுக்கு விஷயம் இருக்கிறது.

அதே போல, வெறுத்துப்போய் எண்ணை வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்தவர்கள் இவர்களுடைய பட்டியலில் இல்லை. 2011 ஜனவரி 20-ல் இந்த வசதி நாடு முழுக்க வந்ததிலிருந்து, மிகவும் அதிருப்தி அடைந்தவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். இருப்பவர்களை மட்டும் கேட்டால் திருப்தி கூடித்தான் தெரியும்.

கஸ்டமர் கேரில் பேசி வைத்ததும் '0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள்' என்று ஒரு எஸ்எம்எஸ் வருமே, அது வேறு கதை. அந்த ஒரு உரையாடல் எப்படி இருந்தது என்பதை அளக்கத்தான் அது. மெனுவில் மாட்டிக்கொண்டு ஆளைப் பிடிக்க முடியாமல் வைத்தவருக்குப் பெரும்பாலும் அது வருவதே இல்லை. டவர் மேல் உள்ள கோபத்தில் நீங்கள் 0 போட்டால், பல இடங்களில் அது போனில் பேசிய பையனுடைய ஊக்கத்தொகையில் போய் விழும். உங்கள் தெருவில் ஆன்டெனா ஒரு டிகிரிகூடத் திரும்பாது. பேசியவர் பணிவாகப் பேசினார் என்றால் அதற்குரிய மார்க்கைக் கொடுங்கள். நெட்வொர்க் குறையைப் புகாராகப் பதியுங்கள்.

அளவுகோலிலும் விஷயம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2009-ம் ஆண்டு சேவைத் தர ஒழுங்குமுறையில் வாடிக்கையாளர் கருத்துக்கென்றே தனி இலக்குகள் இருந்தன. நெட்வொர்க் செயல்பாட்டில் திருப்தி 95 சதவீதம், உதவிச் சேவையில் 90, மொத்தத் தரத்தில் 90. அந்த வகை சர்வேயில் நான்கு பதில்கள்தான்: மிகவும் திருப்தி, திருப்தி, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. முதல் இரண்டையும் கூட்டினால் திருப்தி சதவீதம். நடுவில் இடமே இல்லை. நம் ஊரில் பாதிப் பேருடைய பதில் 'பரவாயில்ல' என்பதுதான். அதை எந்தக் கட்டத்தில் போடுவது? சொல்லும் தொனியைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கும், சலிப்பாகவும் இருக்கும். நான்கு கட்டத்தில் அது பெரும்பாலும் 'திருப்தி'யில் போய் விழுகிறது.

அடுத்து என்.பி.எஸ். எனப்படும் பரிந்துரை மதிப்பெண். அமெரிக்க மேலாண்மை ஆலோசகர் ஃப்ரெட் ரைக்ஹெல்ட் 2003-ல் முன்வைத்தது. 'இந்த நிறுவனத்தை நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா, 0 முதல் 10' என்று கேட்பார்கள். 9, 10 போட்டவர்கள் ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை எதிர்ப்பாளர்கள். 7, 8 கணக்கில் வராது. ஆதரவாளர் சதவீதத்திலிருந்து எதிர்ப்பாளர் சதவீதத்தைக் கழித்தால் மதிப்பெண். ஓர் உதாரணத்துக்கு, 100 பேரில் 18 பேர் 9 அல்லது 10, 40 பேர் 7 அல்லது 8, மீதி 42 பேர் 6 அல்லது அதற்குக் கீழ் போட்டால் என்.பி.எஸ். மைனஸ் 24. அதே 100 பேரிடம் நான்கு கட்டத்தில் கேட்டால் 75 பேர் 'திருப்தி' என்று சொல்லியிருக்கவும் கூடும். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்று வளர்ந்த நமக்குப் பத்துக்கு ஆறு என்பது எதிர்ப்பு கிடையாது. அதனால் ஒரு நாட்டு என்.பி.எஸ்.ஸை இன்னொரு நாட்டோடு ஒப்பிடுவதை நான் ஏற்பதில்லை. அதே நிறுவனத்தை, அதே கேள்வியால், காலத்துக்குக் காலம் ஒப்பிட மட்டும் அது உதவும்.

வெளிநாடுகளில் இதைவிடப் பக்குவமான வழிகள் உண்டு. அமெரிக்காவில் 1994 முதல் நடக்கும் வாடிக்கையாளர் திருப்திக் குறியீடு மூன்று கேள்விகளைச் சேர்த்துப் பார்க்கிறது: மொத்தத்தில் எவ்வளவு திருப்தி, எதிர்பார்ப்புக்கு எவ்வளவு ஈடுகொடுத்தது, மனதில் உள்ள சிறந்த சேவையோடு ஒப்பிட்டால் எப்படி. அங்கேயே ஜே.டி. பவர் நிறுவனம் நெட்வொர்க் தரத்துக்கு மனநிலையைக் கேட்பதில்லை. நூறு முறை பயன்படுத்தினால் எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறது. பிரிட்டனில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் ஒவ்வொரு காலாண்டும் ஒரு லட்சம் வாடிக்கையாளருக்கு எத்தனை புகார் என்று நிறுவனவாரியாக வெளியிடுகிறது. உங்களுக்கு இவற்றில் நடுவில் உள்ளதுதான் பொருந்தும். உணர்வைக் கேட்பதைவிட நடந்ததை எண்ணுங்கள்.

'சர்வே போகட்டும், டிராய் தொழில்நுட்பமாக அளக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். அளக்கிறது. அங்கும் உங்கள் ஹால் நழுவிப்போக வழி இருக்கிறது. கால் டிராப், அதாவது பேச்சு பாதியில் அறுந்துபோவது, 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி முன்பு வட்டம் முழுவதன் சராசரிக்கு இருந்தது. 2017 அக்டோபரிலிருந்து அதைப் பர்சன்டைல் முறைக்கு மாற்றினார்கள். அதாவது 90 சதவீத நாட்களில் 90 சதவீத செல்கள் (டவரில் ஒரு ஆன்டெனா கவனிக்கும் பகுதிதான் செல்) 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். சராசரியைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் உங்கள் பக்கம் பார்த்திருக்கும் ஆன்டெனா இப்படி விடுபடும் மீதிச் செல்களில் இருந்துவிட்டால், நிறுவனம் தேறிவிடும், உங்களுக்குப் பேச்சு கட் ஆகிக்கொண்டே இருக்கும்.

கால் டிராப் எப்படிப் பதிவாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரேடியோ இணைப்பு விட்டுப்போனால், திரும்ப வருகிறதா என்று நெட்வொர்க் சில விநாடி பார்த்திருக்கும். அதற்குள் 'ஹலோ ஹலோ' என்று கத்திப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை நீங்களே அழுத்தினால், பதிவேட்டில் அது வாடிக்கையாளர் தானாக முடித்த அழைப்பாகப் போய்விடலாம். சிக்னலே இல்லாமல் டயல் ஆகாத அழைப்பு டவர் வரைக்கும் போகவே இல்லை, ஆகவே எந்தக் கணக்கிலும் வராது. டிராயின் டிரைவ் டெஸ்ட் பெரும்பாலும் சாலையில் வண்டியில் போய் எடுப்பது. கான்கிரீட் கூரையும் சுவரும் தாண்டி உள்ளே வரும்போது சிக்னல் 10 முதல் 20 டெசிபல் குறைவது சாதாரணம். 10 டெசிபல் குறைவு என்றால் பத்தில் ஒரு பங்கு சக்திதான் மிச்சம். சாலையில் பச்சையாகத் தெரியும் இடம் படுக்கையறையில் சிவப்பாவது இப்படித்தான்.

சரி, உங்கள் சர்வே.

412 வீட்டையும் கேட்க வேண்டாம். பாதி போதும். 206 வீடுகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், வரும் சதவீதம் உண்மையிலிருந்து கூடக்குறைய 5 புள்ளிக்குள் இருக்கும் (நூற்றுக்கு 95 தடவை என்ற உத்தரவாதத்தோடு). 120 வீடு என்றால் அது 7.5 புள்ளியாகும். ஆள் இல்லையென்றால் 120-க்கே நில்லுங்கள், ஆனால் முறையை விட்டுக்கொடுக்காதீர்கள். அரைகுறையாக 412 வீடு கேட்பதைவிடப் பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போய் 120 வீடு முடிப்பது மேல்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 'ஒரு வீடு விட்டு ஒரு வீடு' என்று கதவு எண்படி எடுத்தால், பல மனைப்பிரிவுகளில் ஒற்றைப்படை எண்கள் தெருவின் ஒரு வரிசையிலும் இரட்டைப்படை எதிர் வரிசையிலும் இருக்கும். அப்போது நீங்கள் எடுத்தது முழுக்க ஒரே வரிசை. டவர் கிழக்கே இருந்தால், ஒரு வரிசை வீடுகளின் வாசல் டவரைப் பார்த்திருக்கும், எதிர் வரிசைக்குச் சமையலறைச் சுவர்தான் பார்த்திருக்கும். சர்வே அங்கேயே கெட்டுவிடும். எனவே கதவு எண்ணை மறந்துவிட்டு, ஒரு நோட்டில் தெருவின் இடது வரிசையில் நடந்து போய் வலது வரிசையில் திரும்பி வந்து வீடுகளை 1 முதல் 412 வரை நீங்களே எண்ணிடுங்கள். காசு சுண்டிப் போட்டு 1-ல் தொடங்குவதா 2-ல் தொடங்குவதா என்று முடிவு செய்து, ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே சேர்ந்துவிடும். மாலை 6.30-லிருந்து 8.30 வரையும் ஞாயிறு காலையும் போனால் வேலைக்குப் போகிறவர்களும் கிடைப்பார்கள்.

வீட்டில் யாரிடம் கேட்பது? கதவைத் திறந்தவரிடம் இல்லை, குடும்பத் தலைவர் என்று தன்னைச் சொல்பவரிடமும் இல்லை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யாரோ அவரிடம். இது சர்வேக்காரர்கள் பலரும் கடைப்பிடிக்கும் எளிய வழி. இல்லையென்றால் பகலில் வீட்டில் அதிக நேரம் இருந்து, அதிகம் சிரமப்படும் பெண்களும் பெரியவர்களும் விடுபட்டுப்போவார்கள்.

நீங்கள் நேரில் போகாதீர்கள். செயலாளர் எதற்காகப் போராடுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். கல்லூரி மாணவர்களை இரண்டு இரண்டு பேராக மூன்று ஜோடி அனுப்புங்கள். ஒரு ஜோடி ஒரு மாலைக்கு 12 வீடு முடிக்கும். 206 வீட்டுக்கு ஆறு மாலை, திரும்பிப் போகும் வீடுகளையும் சேர்த்தால் பத்து நாள். 'புகார் கொடுக்கப் போகிறோம்' என்று தொடங்கக் கூடாது. 'எல்லா கம்பெனி போன் சேவையைப் பற்றியும் சங்கத்திலிருந்து கேட்கிறோம்' என்றால் போதும். பெயரும் போன் எண்ணும் வாங்க வேண்டாம்.

கேள்விகளை இந்த வரிசையில் வையுங்கள்:

1. வீட்டில் இருக்கும்போது நீங்கள் அதிகம் பேசுவது எந்தக் கம்பெனி சிம்மில்?
2. மொத்தத்தில் அந்த சிம்மின் சேவை உங்களுக்கு எப்படி? மிகவும் திருப்தி / திருப்தி / இரண்டும் இல்லை / அதிருப்தி / மிகவும் அதிருப்தி.
3. கடந்த 7 நாளில், வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கும்போது தானாகக் கட் ஆனது எத்தனை முறை? 0 / 1-2 / 3-5 / 6 அல்லது அதற்கு மேல்.
4. அதே 7 நாளில், குரல் சரியாகக் கேட்காமல் நீங்களே கட் செய்தது எத்தனை முறை?
5. பேசுவதற்காகவே வாசலுக்கோ மாடிக்கோ போக வேண்டியிருந்தது எத்தனை நாள்?
6. இன்டர்நெட் எந்த நேரத்தில் மெதுவாகிறது? காலை / மதியம் / இரவு 7-10 / எப்போதும் / பிரச்சினை இல்லை.
7. வீட்டில் வைஃபை இருக்கிறதா? போனில் வைஃபை காலிங் ஆனில் இருக்கிறதா?
8. போன் 4ஜியா, 5ஜியா, சாதா போனா?
9. கடந்த 6 மாதத்தில் புகார் செய்தீர்களா? புகார் எண் இருக்கிறதா?
10. கடந்த 12 மாதத்தில் இந்த எண்ணை வேறு கம்பெனியிலிருந்து மாற்றிக்கொண்டு வந்தீர்களா? எதிலிருந்து?
11. நம் மனைப்பிரிவுக்குள் டவர் வைத்தால் உங்களுக்குச் சம்மதமா?

வரிசைக்குக் காரணம் உண்டு. திருப்திக் கேள்வியைக் கட் ஆனதைக் கேட்ட பிறகு வைத்தால், கோபம் கிளறப்பட்டு எண் கெட்டுவிடும். அதனால் அது முன்னால் வருகிறது. மூன்றாவதில் '7 நாள்', 'வீட்டுக்குள்' இரண்டும் அவசியம். 'அடிக்கடி கட் ஆகிறதா?' என்றால் ஒருவருக்கு அடிக்கடி என்பது தினமும், இன்னொருவருக்கு மாதம் ஒருமுறை. நான்காவது கேள்வி பதிவேட்டில் விழாத அழைப்புகளைப் பிடிப்பதற்காக. ஏழாவதை விட்டுவிட்டால் முடிவே தலைகீழாகலாம். ஃபைபர் இணைப்பும் வைஃபை காலிங்கும் உள்ள வீட்டில் பேச்சு அருமையாக இருக்கும், ஆனால் அது டவர் வழியாகப் போவதே இல்லை. அவர்களைத் தனியாகக் கணக்கிடுங்கள். பதினொன்றாவதை எதற்காகச் சேர்த்தேன் என்றால், நிறுவனத்திடம் போய் உட்கார்ந்தால் திரும்ப வரும் முதல் கேள்வியே 'இடம் கொடுப்பீர்களா' என்பதுதான்.

இரண்டாவது கேள்வியின் ஐந்து பதிலையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள், விரலால் காட்டச் சொல்லுங்கள். 'பரவாயில்லப்பா' என்று வந்தால் மாணவர் தானாக எதையும் டிக் செய்யக் கூடாது. அட்டையை மறுபடி வாசித்துக் காட்டி அவரையே தொடச் சொல்ல வேண்டும். தொடங்கும் முன் பட்டியலில் இல்லாத பத்து வீட்டில் ஒத்திகை பாருங்கள். எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இதோடு ஒரு அளவையும் எடுங்கள், உங்கள் சர்வேக்கு முதுகெலும்பு அதுதான். ஒரே ஆண்ட்ராய்டு போன், அதில் அந்த நிறுவனத்தின் சிம். செட்டிங்ஸில் 'அபவுட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' போனால் சிக்னல் வலிமை டி.பி.எம். அளவில் தெரியும் (சில மாடல்களில் 'ஸ்டேட்டஸ்' என்ற பக்கத்துக்குள் இருக்கும்). திரையின் மேலே உள்ள கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் அதைத் தன் விருப்பத்துக்குக் காட்டும். டி.பி.எம். எண் மைனஸில் இருக்கும், பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நன்று. 100-ஐத் தாண்டினால் பலவீனம். 110-ஐத் தாண்டினால் பேச்சு விட்டு விட்டு வரும். ஒவ்வொரு வீட்டிலும் வாசல், ஹால் நடுவில், ஒரு படுக்கையறை என மூன்று இடத்தில், போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, முப்பது விநாடி பொறுத்து எண்ணைக் குறியுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். நேரத்தையும், அன்று மின்தடை இருந்ததா என்பதையும் எழுதுங்கள். கரண்ட் போய் டவர் பேட்டரி தீர்ந்த நாளின் அளவை மற்ற நாளோடு கலந்தால் குழப்பம்தான்.

இந்த அளவு இன்னொரு முக்கியமான வித்தியாசத்தையும் காட்டும். மைனஸ் 85 இருந்தும் இரவு ஒன்பது மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, காலை ஆறு மணிக்கு நன்றாக ஓடுகிறது என்றால் அது நெரிசல், டவரில் கொள்ளளவு கூட்ட வேண்டும். எந்த நேரம் பார்த்தாலும் மைனஸ் 112 என்றால் அது கவரேஜ் குறை, ஆன்டெனாவின் திசையையோ சாய்வையோ மாற்ற வேண்டும், இல்லையென்றால் புது டவர். இரண்டையும் கலந்து 'நெட்வொர்க் சரியில்லை' என்று எழுதினால் இன்ஜினியருக்கு எதைச் செய்வது என்றே தெரியாது.

கணக்கிடும்போது நிறுவனவாரியாகப் பிரியுங்கள். 206-ல் ஒரு நிறுவனத்துக்கு 90 பேர், இன்னொன்றுக்கு 80 பேர் வந்தால், இரண்டுக்கும் இடையே 11 புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தைப் பெரிதாக்காதீர்கள், அது தேர்வின் தற்செயலாகவே இருக்கலாம். எத்தனை வீடு தேர்வானது, எத்தனை பதில் சொன்னது, எத்தனை மறுத்தது என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். பிறகு தெரு வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு புள்ளி, மைனஸ் 100-ஐத் தாண்டியவை சிவப்பில். 2024 ஆகஸ்டில் வெளியாகி அக்டோபர் 1 முதல் அமலான டிராய் ஒழுங்குமுறைப்படி, நிறுவனங்கள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும். அதில் உங்கள் பகுதியைப் பெரிதாக்கி, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் வரைபடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் 'கவரேஜ் உண்டு' என்று காட்டும் தெருவில் உங்கள் புள்ளிகள் சிவப்பாக இருந்தால், அதற்கு மேல் நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

அனுப்பும் வழி: சங்கத்தின் கடிதம் மட்டும் போதாது. புகார் எண் அந்தந்த இணைப்போடு கட்டப்பட்டது. சிவப்புப் புள்ளி வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் அவரவர் எண்ணிலிருந்து 198-ஐ அழைத்து, கதவு எண், பின்கோடு, நேரம், டி.பி.எம். அளவு சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். ஒரே வாரத்தில் ஒரே இடத்திலிருந்து முப்பது புகார் விழுந்தால் அது அவர்கள் கணினியில் கூட்டமாகத் தெரியும். 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். குறை தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்காதீர்கள். மேல்முறையீட்டிலும் தீரவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர் பிரிவு இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16-ல் தீர்ப்பளித்துவிட்டது.

கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டலாமா என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கூடாது. அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம், அது கிளப்பும் இரைச்சலில் சுற்றுவட்டார வீடுகளின் சிக்னலும் கெடும். சர்வேயின்போது எந்த வீட்டு மாடியிலாவது அப்படி ஒரு சின்ன ஆன்டெனாவும் பெட்டியும் கண்ணில் பட்டால் தெருவைக் குறித்து வையுங்கள். அந்தத் தெருவின் குறைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

'திருப்தியில் முதலிடம்' என்று விளம்பரம் வந்தால் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஆய்வை வைத்துச் செய்யும் விளம்பரத்தில் ஆதாரமும் தேதியும் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதி. இல்லையென்றால் அந்த மன்றத்துக்குப் புகார் எழுதலாம்.

நிறுவனம் ஆன்டெனாவைச் சரிசெய்ததாகச் சொன்னால், இரண்டு வாரம் விட்டு அதே போன், அதே சிம், அதே வீடுகள், அதே மூன்று இடங்களில் மறுபடி அளவெடுங்கள். சிவப்புப் புள்ளி வீடுகள் 40 இருந்தால் 40-ஐயும் பாருங்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கேள்விகளை மட்டும் திரும்பக் கேட்டால் போதும். பழைய எண்ணையும் புது எண்ணையும் அடுத்தடுத்த கட்டத்தில் எழுதி, அதே மேல்முறையீட்டு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பிவையுங்கள்.